ஒரு பீடி நேரம்

என் தங்கை மகன் ஜெரால்டு நத்தம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ரிட்டயர் ஆன பிறகு எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. பயல்கள் செய்வதைப் பார்த்துக் குறை சொல்லத்தான் போவது. போன மாதம் ஒருநாள் போனபோது, ஒரு டீசல் ஜீப்பின் ஸ்டீயரிங்குக்கு அடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். என்னடா கருமம் இது என்று கேட்டேன்.

"டர்போ டைமர், பெரியம்மா. சாவிய எடுத்துட்டு நம்ம பாட்டுக்குப் போயிரலாம். எஞ்சின் அதுவா ஓடி, டர்போவ ஆத்திட்டு, அதுவா நின்னுக்கும்."

செய்தும் காட்டினான். சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கினான். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பொறுத்துத் தானாக நின்றது. கிழவி அசந்துபோவாள் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கோ அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஜெரால்டு விடுவானா? "லேப்டாப் இல்லாத காலத்துல டர்போ மாட்டி எப்டி டியூன் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க பெரியம்மா, நம்ம பசங்க படிக்கட்டும்" என்று அன்றையிலிருந்து நச்சரிப்பு. சரி, எழுதுகிறேன். ஆனால் அவன் நினைக்கிற கதை இல்லை இது.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம், எழுத மாட்டேன். அந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி உச்சுக் கொட்டுகிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை. படித்து முடித்து வேலை தேடி அலைந்ததில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மொய்தீன் பாய் ஒருவர்தான் "பம்ப்பு ரூம்ல உக்காருறியாம்மா?" என்று கேட்டார். உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை எழுந்திருக்கவில்லை. பாய் போன பிறகு அவர் மகன் காலத்திலும் அதே ரூம், அதே ஸ்டூல்.

டீசல் எஞ்சினுக்கு இருதயம் அதன் பம்ப்புதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று அளந்து அனுப்புவது அது. பம்ப்பைக் கழற்றி வந்து என் பெஞ்சில் ஏற்றுவார்கள். மோட்டார் அதைச் சுழற்ற, எதிரே வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் விழும். எல்லாக் குழாயிலும் எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் நூலளவு ஏறினாலும் அந்த எஞ்சின் நொண்டும். மட்டம் வந்ததும் அளவு திருகைப் பூட்டி, கம்பி கோத்து, ஈய முத்திரை வைத்து இடுக்கியால் நசுக்கி விடுவேன். அதற்குமேல் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டு வந்து வண்டி புகைக்கிறது என்று நின்றவர்களை நான் பேசியிருக்கிற பேச்சை இங்கே எழுத முடியாது.

பாய் அதற்கு நேர்மாறு. சத்தமே வராது. வண்டி வந்தால் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நீங்க ஓட்டுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்பார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு இறங்கி, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வேலையாட்களை வா, போ என்றுதான் பேசுவார். எங்களிடம் 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பித்தார் என்றால் தொலைந்தோம், ஏதோ தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். "பிலோமினா, நீங்க கொஞ்சம் வெளிய வாறீங்களா?" என்று ஒருமுறை கூப்பிட்டார். காய்ச்சல் வராத குறை எனக்கு.

பாய் பீடி குடிப்பார். வேலை செய்கிறபோது இல்லை. முடித்த பிறகு, வாசலில் நின்று ஒன்று. என் அப்பா திண்டுக்கல் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றியும் சுருட்டுக் குடித்துமே நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டு போனவர். கடைசிக் காலத்தில் அவர் இருமிய இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் புகையைக் கண்டாலே எனக்கு ஆகாது. முதலாளியை ஒன்றும் சொல்ல முடியாது. மற்றவர்களை விட்டதில்லை.

வெள்ளைச்சாமி அண்ணனை எனக்கு அப்படித்தான் பழக்கம். சிறுமலைக்காரர். மலை வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி, மண்டியில் போட்டுவிட்டு, திரும்பும்போது அரிசி மூட்டையும் ஆட்களுமாக மேலே ஏறுகிற டீசல் ஜீப். தார் ரோடு முடிந்த பிறகும் போகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டி அவருடையதுதான். உள்ளே தள்ளி இருக்கிற தோட்டங்களில் பிரசவம், பாம்புக்கடி என்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். முதல்தடவை பம்ப்பைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வாயில் புகைகிற பீடியோடு என் ரூமுக்குள் நுழைந்தார்.

"அண்ணே! சுத்தி டீசல் கெடக்கு, நீங்க பாட்டுக்குக் கொள்ளியோட வாறீங்க? குடும்பத்தோட போய்ச் சேருறதுக்கா?" என்று கத்தினேன்.

மனிதர் வெலவெலத்துப் போனார். வெளியே ஓடி பீடியை மிதித்து அணைத்துவிட்டு வந்து, "மன்னிச்சுக்க தாயி. மலையில இருந்து வாரேன், இதெல்லாம் தெரியாது" என்றார். அதிலிருந்து என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். வரும்போதெல்லாம் ஒரு சீப்பு மலைப்பழம் பெஞ்சின் மேல் இருக்கும். நானும் வரும்போதெல்லாம், "அண்ணே, அந்தச் சனியன விடுங்க" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை.

அவர்தான் ஒருநாள் பாயிடம் டர்போ கேட்டார். அப்போதுதான் பழைய எஞ்சின்களுக்கு வெளியே டர்போ வாங்கி மாட்டுகிற பழக்கம் எங்கள் பக்கம் வந்திருந்தது. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிறது, ஒருதரம் வயிற்றுவலிக்காரியை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்னால் வந்த லாரிக்காரன் முந்திப் போனான், அவமானமாகப் போய்விட்டது என்றார். "எனக்கு ரேஸ் ஓட்ட வேணாம் பாய். மலை ஏறுனாப் போதும்."

டர்போ என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வீணாகப் போகிற சூட்டுப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசலையும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், வண்டிக்குத் தெம்பு வரும். அந்தத் தண்டு சுற்றுகிற வேகம் எஞ்சின் வேகத்தைப் போல் பல மடங்கு. அதைத் தாங்குவது உள்ளே ஓடுகிற எஞ்சின் ஆயில்தான். ஆயில் நின்றால் டர்போ செத்தது.

பாய் அந்த வேலையை அவசரப்படாமல் செய்தார். புகைபோக்கி மூட்டுக்குத் தகடு வெட்டி, டர்போவை உட்கார வைத்து, ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு கிளை எடுத்து ஆயில் கொடுத்தார். ஆயில் திரும்பி இறங்குகிற குழாய்தான் முக்கியம் என்பார். வளைவு நெளிவு இல்லாமல் நேராகக் கீழே இறங்க வேண்டும். கிணற்று வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி தடங்கல் இல்லாமல் ஊற்ற வேண்டும், கக்கக் கூடாது. முதலில் வைத்த குழாய் ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. வெல்டர், "ஓடும் பாய்" என்றார். "ஓடும். நீங்க கழட்டுங்க" என்றார் பாய். அந்த 'நீங்க'வைக் கேட்டதும் வெல்டர் மறுபேச்சுப் பேசாமல் கழற்றினார்.

டீசலை நிறுத்திவைத்து எஞ்சினை வெறுமனே சுழற்றி, டர்போவுக்கு ஆயில் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண விட்டார். பிறகு என் முறை. பம்ப்பைப் பெஞ்சில் ஏற்றி, அளவைக் கொஞ்சமாகக் கூட்டினேன். வெள்ளைச்சாமி அண்ணன் கதவருகே நின்று, "தாயி, இன்னுங் கொஞ்சம் தெறந்து விடேன். கரும்புகை கக்குனாத்தான வண்டிக்குத் தெம்பு?" என்றார். "கக்குறது தெம்பு இல்லண்ணே, எரியாத டீசல். உங்க வீட்டு அடுப்பு புகைஞ்சா மதினி சந்தோசப்படுவாகளா?" என்றேன். சிரித்துவிட்டார்.

மலைக்கு ஓட்டிப் பார்க்கப் போனோம். அவர் ஓட்டினார், பாய் பக்கத்தில், நான் பின்னால், பாரத்துக்கு ஏற்றிய கல் மூட்டைகளின் மேல். பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, பாய் இறங்கித் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயில் பிடித்துப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. நான் திருகை ஒரு மயிரிழை குறைத்தேன். மறுபடி ஏறி, மறுபடி கைக்குட்டை. சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு வட்டம் விழுந்தபோது, "போதும்மா, பூட்டிடு" என்றார். முத்திரை வைத்தேன். ஜீப் ஏறியது பாருங்கள்! வெள்ளைச்சாமி அண்ணன், "அடி ஆத்தாடி, எருமைக் கடா குதிரையாயிருச்சு பாய்!" என்று ஒவ்வொரு வளைவிலும் கத்தினார்.

அவர் வீட்டு வாசலில் போய் நின்றதும் சாவியைத் திருப்பப் போனார். பாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான் கவனம் வெள்ளைச்சாமி. மலை ஏறி வந்தா டர்போ உள்ள நெருப்பா இருக்கும். பொட்டுன்னு அணைச்சா ஆயில் ஓட்டம் நின்னுரும். உள்ள தங்குன ஆயில் கருகிரும். அடிப்பிடிச்ச பால் சட்டி மாதிரி ஆகிரும். செத்த நேரம் சும்மா ஓட விட்டு அணைக்கணும்."

"செத்த நேரம்னா எம்புட்டு பாய்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் செத்த நேரம் என்றால் கண் மூடித் திறக்கிற நேரமாகவும் இருக்கும், பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி வருகிற நேரமாகவும் இருக்கும். அவர் கையில் கடிகாரம் கிடையாது. பாய் யோசித்தார். அவர் சட்டைப் பையைப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்துனதும் என்ன செய்வீக?"

"இறங்கி ஒரு பீடியப் பத்த வைப்பேன்."

"அம்புட்டுத்தான். எஞ்சின் ஓடட்டும். பீடி முடிஞ்சதும் அணைங்க. ஒரு பீடி நேரம்."

"சுருட்டா இருந்தா?" என்று நான் குத்தலாகக் கேட்டேன்.

"டீசல் தண்டம்" என்றார் பாய். மூவரும் சிரித்தோம்.

அந்த ஏற்பாடு அவருக்கு உப்பும் சோறும் மாதிரி ஒத்துப்போனது. அடுத்தமுறை வந்தபோது சொன்னார்: "தாயி, வாசல்ல வண்டி நின்னு ஓடுற சத்தம் கேட்டாப் போதும், எம் பொண்டாட்டி சோத்தப் போட ஆரம்பிச்சிருவா. நான் பீடிய முடிச்சு, வண்டிய அணைச்சுட்டு உள்ள போக, தட்டு ரெடியா இருக்கும்." ஆயில் மாற்ற வரும்போதெல்லாம் பாய் டர்போ தண்டை விரலால் ஆட்டிப் பார்ப்பார். ஆட்டமே இருக்காது. "இப்டி வண்டி வச்சிருந்தா நம்ம கடைய மூட வேண்டியதுதான்" என்று பெருமைப்படுவார். அந்த ஜீப்பைப் பார்த்து வேறு ஊர் வண்டிக்காரர்களும் வந்து டர்போ மாட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் அதே பீடிக் கணக்குத்தான் சொல்லி அனுப்பினோம்.

சில வருடங்கள் கழித்து ஒரு தைப்பூசத்துக்கு அண்ணன் பழனிக்கு மாலை போட்டார். நடந்து போய் வந்து, பஞ்சாமிர்தத்தோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். முகமே தெளிந்திருந்தது.

"தாயி, ஒரு சேதி. மாலை போட்ட அன்னைக்கு பீடிய விட்டேன். மாலையக் கழட்டியும் தொடல. நீ சொல்லிச் சொல்லி மண்டையில ஏறிருச்சு. முருகன் மேல சத்தியம், இனி இல்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அப்பாவிடம் நான் கெஞ்சியும் நடக்காத ஒன்று அது. பம்ப்பு ரூமை விட்டு வெளியே வந்து ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். டீ வாங்கி வரச் சொன்னேன். பாய்கூட எழுந்து வந்து அவர் தோளைத் தட்டி, "மாஷா அல்லா, என்னால முடியாதத நீங்க செஞ்சுட்டீக" என்றார். டர்போவுக்குக் கணக்குச் சொன்னவர் பாய். அந்தக் கணக்கைக் கூட இருந்து கேட்டுச் சிரித்தவள் நான். இரண்டு பேரும் அங்கேதான் நின்றோம், வாயில் பஞ்சாமிர்தத்தோடு. ஒருத்தருக்காவது உறைத்ததா? இல்லை.

அதற்கப்புறம் மழைக்காலம் வந்தது. ஒரு பகலில் மலையிலிருந்து ஆள் ஓடி வந்தது. வெள்ளைச்சாமியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ஜீப்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள்.

டீசல் எஞ்சினுக்குப் பைத்தியம் பிடிக்கும். பெட்ரோல் எஞ்சின் மாதிரி அதற்குப் பொறி தேவையில்லை. எரிகிற எண்ணெய் எது உள்ளே வந்தாலும் தின்றுகொண்டு ஓடும். டர்போவின் தண்டு தேய்ந்து உள்ளே ஆயில் ஒழுக ஆரம்பித்தால், காற்றோடு சேர்ந்து அந்த ஆயிலே எஞ்சினுக்குள் போகும். சாவியைத் திருப்பினால் நிற்பது டீசல் மட்டும்தான். எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு, வேகம் ஏறி ஏறி, வெடிக்கிறவரை ஓடும். அன்று மேலே ஏறி பஸ் நிற்கிற இடத்தில் நிறுத்திச் சாவியை எடுத்திருக்கிறார். வண்டி நிற்கவில்லை. நீலப்புகை ஊரையே மூட, எஞ்சின் அலற ஆரம்பித்திருக்கிறது. பின்னால் இருந்த பெண்கள் பிள்ளைகளோடு குதித்து ஓடினார்கள். டாப் கியரில் போட்டு பிரேக்கை மிதித்து கிளட்சை விட்டால் நின்றிருக்கும். ஆனால் முன்னால் ஆட்கள் நின்றார்கள், வண்டி பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துவிட்டார். பானெட்டைத் தூக்கி, காற்றுக்குழாயைப் பிடுங்கி, டர்போவின் வாயைத் துண்டை வைத்து வலது கையால் பொத்தினார். காற்றை நிறுத்தினால் எஞ்சின் நிற்கும் என்று என்றோ பாய் சொன்னது நினைவிருந்திருக்கிறது. நின்றது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சக்கரம் துண்டோடு சேர்த்து அவர் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

ஜீப்பை இழுத்து வந்தார்கள். பாய் டர்போவைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாங்கள் செய்ததில் பிழையா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆயில் போகிற குழாயை ஊதிப் பார்த்தார், சுத்தம். இறங்குகிற குழாய் நேராக இருந்தது. என் முத்திரையைப் பார்த்தார், உடையவில்லை. பிறகு டர்போவைப் பிரித்தார். உள்ளே பேரிங் இருந்த இடம் முழுக்கக் கரி. சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடிப்பிடித்த பால் சட்டி என்று அவர் சொன்னாரே, அதேதான்.

"சூட்டோட அணைச்சிருக்காரு. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, மாசக்கணக்கா" என்றார். "ஆனா அவரு அப்டிச் செய்ய மாட்டாரேம்மா?"

நானும் அதையேதான் சொன்னேன். சொன்ன சொல் தவறாத மனிதர்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். கை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி பேச்சியம்மா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். பாய் மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளைச்சாமி, வண்டிய எப்டி அணைப்பீக? நான் சொன்ன மாதிரித்தான?"

"நீங்க சொன்ன மாதிரித்தான் பாய். ஒரு பீடி நேரம். பீடி முடிஞ்சதும்..." அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "பீடியத்தான் விட்டுட்டேனே பாய். இந்தத் தாயி சொல்லி விட்டேனே."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். பீடி இல்லை, அதனால் நிற்கிற நேரமும் இல்லை. இறங்குவதற்கு முன்னாலேயே சாவியைத் திருப்பிவிட்டு நேரே வீட்டுக்குள் போயிருக்கிறார். பீடி வேறு, டர்போ வேறு என்று அவருக்கு யார் சொன்னது?

"தப்பு என்னோடது. கடிகாரத்தக் காட்டிச் சொல்லியிருக்கணும்" என்றார் பாய்.

"நீங்க என்ன செய்வீங்க பாய்? விட்டது நான்தான?" என்றார் அவர். அந்த வார்த்தை எங்கே போய் முடியப்போகிறது என்று எனக்கு அன்று தெரியவில்லை.

பாய் அதோடு டர்போ மாட்டுவதை நிறுத்தினார். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய், பீடிக் கணக்கை மறக்கச் சொல்லிவிட்டு வந்தார். எட்டூர், எரியோடு என்று வெயிலில் அலைந்தார். இப்போது வருகிறவர்கள் சொல்வார்கள், அந்தக் கடை காலத்துக்கு ஏற்ப மாறவில்லை, பம்ப்போடு நின்றுவிட்டது என்று. அவர்களுக்கு என்ன தெரியும்? கடைசிவரை அந்தக் கருகிய டர்போ பாயின் மேஜையில் இருந்தது. யாரும் எடுத்துப் போட நான் விடவில்லை.

வெள்ளைச்சாமி அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். வாழை மண்டியில் தார்களைப் பார்த்து எண்ணி இறக்குகிற வேலைக்கு வந்தார். உள்ளே இருக்கிற தோட்டங்களுக்கு அப்புறம் எந்த வண்டியும் போகவில்லை. நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் மண்டிக்குப் பழம் வாங்கப் போனேன். தார்க் குவியலுக்குப் பின்னாலிருந்து புகை. எட்டிப் பார்த்தால் அண்ணன். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் பீடியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்னண்ணே இது? முருகன் மேல சத்தியம் பண்ணீங்களே?"

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ நல்லதுக்குத்தான் சொன்ன தாயி. எனக்கு அது வாய்க்கல. பீடிய விட்டேன், கை போச்சு, வண்டி போச்சு. பாயே சொன்னாருல்ல? இனி இருக்குறதயாச்சும் காப்பாத்திக்கிறேன், விடு" என்றார்.

பாய் அப்படியா சொன்னார்? இல்லவே இல்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. எத்தனை வாடிக்கையாளரை வாய்க்கு வந்தபடி பேசியவள் நான். அன்று அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்கி, பீடிக்கும் கைக்கும் சம்பந்தம் இல்லை, நின்றிருக்க வேண்டியது எஞ்சினுக்காகத்தான் என்று சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஒருதரம் நான் சொன்னதைக் கேட்டு அவர் பட்டது போதும் என்று தோன்றிவிட்டது. பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறமும் எத்தனையோ தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் இருமல் கொஞ்சம் கூடியிருந்தது. என் அப்பாவின் இருமல்தான் அது, எனக்கு அடையாளம் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பாய் முதலில் போனார். அண்ணன் போன ஐப்பசியில் போய்விட்டார் என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நெஞ்சில் சளி என்றார்கள். துக்கம் கேட்கப் போகவும் தைரியம் வரவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்த பிறகுதான், ஜெரால்டிடம், "ஏலே, என்னய சிறுமலைக்குக் கூட்டிப் போ" என்றேன்.

அவனுடைய சொந்த வண்டியில் போனோம். அதுவும் டர்போ வைத்த டீசல் ஃபோர் வீல் டிரைவ்தான். அதில் அந்தப் பெட்டி இல்லை. வளைவுகளில் ஏறி, மேலே போய், பழைய வீட்டு வாசலில் நிறுத்தினான். கை சாவிக்குப் போனது.

"இரு. செத்த நேரம் ஓடட்டும்" என்றேன்.

"தெரியும் பெரியம்மா" என்று அலுத்துக்கொண்டான்.

எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி நின்றேன். வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மா மதினி வெளியே வந்தார். கையில் தட்டு, தட்டில் சோறு, ஓரத்தில் வெஞ்சனம். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தட்டையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார்.

"பாரேன் எம் புத்திய" என்றார். "வாசல்ல சத்தம் கேட்டதும் கை தன்னால சோத்தப் போட்டுருச்சு தாயி."

நான் கிட்டே போனேன். அவரே சொன்னார்: "பீடிய விட்ட பெறகு இந்தச் சத்தமே கேக்கல. வந்து நிறுத்துன கையோட உள்ள வந்துருவாரு. சூடு ஆறாம சாப்டுறாரேன்னு நான் சந்தோசப்பட்டேன்."

"மதினி..." என்றேன்.

ஜெரால்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "போதும் பெரியம்மா, ஆறிருக்கும். அணைச்சிரட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் மதினி தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இருக்கட்டும் தம்பி. செத்த நேரம் ஓடட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.